சினைப்பையின் சாதுக் கட்டிகள்

சுகதேகியான ஒரு பெண்ணின் சினைப்பையில் மாதந்தோறும் ஒரு நீர்ப்பை உண்டாகி மறைகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் திடுக்கிடக்கூடும். ஆயினும் அது உண்மை. பூப்பெய்திய காலம் தொடங்கி மாதவிடாய் ஓயும் காலம் வரையில், ஒவ்வொரு மாதச் சுழற்சியிலும், சினைப்பையில் உள்ள நுண்ணிய குமிழ்களுள் ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு, தனக்குள் திரவத்தைச் சேர்த்து, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பையாகப் பருத்து, பின்னர் வெடித்துத் தான் காத்துவந்த கருமுட்டையை வெளியிடுகிறது. வெடித்த இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு திரள் உருவாகிறது. கரு தரித்தால் அதைப் பேணுவதற்கான ஹார்மோனைச் சுரந்து நிலைக்கும் அத்திரள், தரிக்காவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் சுருங்கிவிடுகிறது. இந்த நியதியில் சிறிது பிசகு நேர்ந்து, வெடிக்க வேண்டிய குமிழ் வெடிக்காமல் மேலும் பெருத்தாலும், மஞ்சள் திரளுக்குள் ரத்தம் கசிந்து தேங்கினாலும், 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியாக அது ஸ்கேன் படத்தில் தென்படும். நோய் என்று அதைச் சொல்வதைக்காட்டிலும், இயற்கையின் நித்தியத் தொழிலில் நேர்ந்த தாமதம் என்று சொல்வதே பொருந்தும்.

வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் எதிர்பாராமல் இப்படி ஒரு கட்டி தென்பட்டுவிட்டால், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பெண்ணையும் அவளுடைய குடும்பத்தாரையும் முதலில் பற்றிக்கொள்வது புற்றுநோய் பற்றிய பீதி. அதன் பின்னாலேயே வருவது, அதை உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்னும் அவசரம். சினைப்பைப் புற்றுநோய் கொடியதுதான். அடையாளம் காட்டாமல் வளர்ந்து, முற்றிய நிலையிலேயே பெரும்பாலும் அகப்படுவது. ஆனால் மாதவிடாய்ப் பருவத்தில் உள்ள பெண்களிடம் காணப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்ற சாதுக் கட்டிகளே. ஸ்கேன் யந்திரம் கட்டிகளைக் கண்டுபிடித்துத் தருவதை எல்லோரும் அறிவார்கள். அதே யந்திரம், இன்ன கட்டியை விட்டுவைக்கலாம் என்று காரணத்தோடு சொல்லவும் வல்லது என்பதும், அந்த இரண்டாவது வல்லமையே மேலானது என்பதும் என் துணிபு. அதைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தேன்.

அந்த வல்லமை கிட்டுவதற்கு முன்பு மருத்துவருக்கு இருந்த துணை அவருடைய கை ஒன்றுதான். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் ஊரில், 1809-ஆம் ஆண்டு டிசம்பரில், எஃப்ரெய்ம் மெக்டொவல் என்ற ரணசிகிச்சை நிபுணர், ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற மாதின் வயிற்றைத் திறந்து, 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள சினைப்பைக் கட்டியை வெளியே எடுத்தார். மயக்க மருந்து இன்னும் பிறவாத காலம் அது. அந்த மாது பிழைத்து மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள் என்பது வைத்திய சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. ஆனால் அந்தச் சம்பவத்தில் என் மனத்தை அதிகம் தைப்பது வேறொன்று: அவளை முதலில் பார்த்த மருத்துவர்கள், அவள் இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பதாகவே எண்ணியிருந்தார்கள். வயிற்றுக்குள் இருப்பது சிசுவா கட்டியா என்பதையே கையால் தடவித் தீர்மானிக்க இயலாதபோது, கட்டி சாதுவா கொடியதா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரில் அதற்கு விடை பிறந்தது. அங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப் படையில் பணியாற்றியவர். அலைகளை அனுப்பி எதிரொலியைக் கொண்டு பொருளை அறியும் முறைகளில் அப்போதே நாட்டங்கொண்டவர். உலோகத் தகடுகளிலும் கொதிகலன்களிலும் உள்ள விரிசலைக் கண்டறியத் தொழிற்சாலைகள் கையாண்ட மிகையொலிக் கருவி மனித சரீரத்துக்கும் பயன்படக்கூடும் என்று கருதிய அவர், 1955-ஆம் ஆண்டு ஜூலையில், ரணசிகிச்சையில் எடுக்கப்பட்ட கருப்பைத் தசைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்னும் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. கெட்டியான கட்டி ஒருவிதமாகவும் நீர்க்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. நீருக்கும் சதைக்கும் உள்ள அந்த வேற்றுமையே இந்தச் சாஸ்திரம் முழுவதற்கும் அஸ்திவாரம்.

பின்னர் டாம் பிரௌன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தார்கள். இரைப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது, ரணசிகிச்சைக்கும் இடமில்லை என்று கைவிடப்பட்ட நிலையில், வயிறு பெரிதாக வீங்கிய ஒரு பெண்ணை அவர்கள் அந்த நாட்களில் பரிசோதித்தார்கள். வயிறு நிறையப் பரவிக் கிடக்கும் நீர் என்று மற்றவர்கள் எண்ணியது, தனக்கென்று தெளிவான எல்லைச்சுவர் உடைய ஒரே பெரிய நீர்க்கட்டி என்று எதிரொலிகள் காட்டின. அது சினைப்பையில் எழுந்த சாதுக் கட்டி. எடுத்ததும் அந்தப் பெண் குணமடைந்தாள். 1958-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘லான்செட்’ என்னும் மருத்துவ சஞ்சிகையில் மூவரும் எழுதிய கட்டுரை இந்த விஞ்ஞானத்தின் பிறப்புச் சாசனம் எனலாம். வயிற்றில் வளரும் சிசுவைக் காட்டிய யந்திரம் என்றே ஸ்கேனை உலகம் கொண்டாடுகிறது. அது முதன்முதலில் தன் பெருமையை நிலைநாட்டிய இடங்களுள் ஒன்று சினைப்பையின் சாதுக் கட்டி என்பதைப் பலர் அறியார்.

மனிதச் செவிக்கு எட்டும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியோ வினாடிக்கு 30 லட்சம் முதல் 90 லட்சம் அதிர்வுகள் வரை கொண்டது. மென்மையான திசுக்களில் அது வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தன்மை மாறுபட்ட இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் அதன் ஒரு பங்கு திரும்பி வருகிறது. திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு ஆழமும், வந்ததன் வலிமையைக் கொண்டு பிரகாசமும் கணிக்கப்பட்டுப் படமாகிறது. தெளிந்த திரவத்துக்குள் எல்லை எதுவும் இல்லாததால் அங்கிருந்து எதுவும் திரும்புவதில்லை. ஆகவே நீர் கருமையாகத் தோன்றுகிறது. ஆயினும் கருமை ஒன்றை மட்டும் நம்பிவிட முடியாது. திசுக்களைக் கடந்து செல்லச் செல்ல ஒலி வலுவிழக்கும் என்பதால், ஆழத்திலிருந்து வரும் எதிரொலிகளை யந்திரம் தானாகவே மிகைப்படுத்திக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. திரவத்தின் வழியே சென்ற ஒலியோ அவ்வளவாக வலுவிழப்பதில்லை. எனவே நீர்க்கட்டிக்கு நேர் பின்னால் உள்ள பகுதி அக்கம்பக்கத்தைவிட வெண்மையாக ஒளிர்கிறது. கருமையும் அதன் பின்னே ஒளிர்வும் சேர்ந்து தென்பட்டால்தான் உள்ளே இருப்பது நீர் என்று துணியலாம்.

வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வது, நிறைந்த சிறுநீர்ப்பை வாயு நிரம்பிய குடலை ஒதுக்கி ஒலிக்கு வழிவிடும் என்பதற்காகவே. யோனி வழியாகச் செய்யும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும்; சினைப்பைக்கு வெகு அருகில் கருவி செல்வதால், அதிக அதிர்வுள்ள ஒலியைப் பயன்படுத்தி நுட்பமான விவரங்களைக் காண முடிகிறது. இந்த முறைக்குப் பெண்கள் கூசுவது இயல்பு; பரிசோதிப்பவர் பொறுமையாக விளக்கி, சம்மதம் பெற்று, மரியாதையோடு செய்ய வேண்டிய காரியம் இது. திருமணமாகாத இளம் பெண்களிடம் இதைத் தவிர்த்து வயிற்றின் வழியாகவே பார்ப்பது நம் நாட்டில் வழக்கம்.

இனிக் கட்டிகளின் இலட்சணங்களுக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளியது, உட்புறம் முழுவதும் கருமையாகவும், சுவர் மெல்லியதாகவும் வழவழப்பாகவும், பின்னே ஒளிர்வு உடையதாகவும், தடுப்போ முளையோ ஏதுமின்றியும் இருக்கும் சாதாரண நீர்க்கட்டி. வெடிக்கத் தவறிய குமிழ் பெரும்பாலும் இந்த உருவத்திலேயே தோன்றுகிறது. மாதவிடாய் உள்ள பெண்ணிடம் இது 5 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருந்தால் பின்தொடர்ந்து பார்க்கவும் அவசியமில்லை என்று அமெரிக்காவில் கூடிய நிபுணர் குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. மாதவிடாய் நின்ற பின்பும் இது அச்சத்துக்கு உரியதன்று: கென்டக்கியில் 50 வயதுக்கு மேற்பட்ட 15,106 பெண்களைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2,763 பேரிடம் ஒற்றை அறையுள்ள நீர்க்கட்டி காணப்பட்டது, அவற்றில் ஏறக்குறைய 70 சதவீதம் தாமாகவே மறைந்தன, வேறு மாறுதல் எதுவும் தோன்றாமல் நீர்க்கட்டியாகவே நின்ற ஒன்றிலேனும் புற்றுநோய் எழவில்லை.

ரத்தம் கசிந்த கட்டி மிகவும் ஏமாற்றக்கூடியது. இதில் சற்று நின்று பேச வேண்டும். கசிந்த ரத்தம் ஒரே நிலையில் இருப்பதில்லை. புதிதாய் இருக்கையில் வெண்மை கலந்து, கெட்டியான சதை போலவே மயக்கும். சில நாட்களில் உறைந்து, நூலினும் மெல்லிய இழைகளாகப் பின்னி, சிலந்தி வலை என்று மருத்துவர்கள் குறிப்பிடும் தோற்றத்தைப் பெறும். பின்னர் உறைவு சுருங்கி ஒரு மூலையில் ஒட்டிக் கிடக்கும். அனுபவமில்லாத கண்ணுக்கு அந்த இழைகள் தடுப்புச்சுவர்களாகவும், அந்த உறைவு புற்றுநோயின் முளையாகவும் தோன்றிவிடும். ஆனால் உண்மையான தடுப்புச்சுவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரையில் தொடர்ந்து செல்வது. இழைகளோ நடுவில் அறுந்து நிற்பவை. உண்மையான முளையின் விளிம்பு கட்டியின் உட்புறம் நோக்கிப் புடைத்து நிற்கும். சுருங்கும் உறைவின் விளிம்போ உட்குழிந்து நிற்கும். கருவியின் முனையால் இலேசாகத் தட்டினால் உறைவு தளதளவென்று அசையும். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தால், கட்டியின் சுவரைச் சுற்றி ஓட்டம் தெரியுமேயன்றி உறைவுக்குள் துளியும் தெரியாது. இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், காலம் தீர்த்துவைக்கும்: 6 முதல் 12 வாரங்கள் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு மறுபடியும் பார்த்தால், கட்டி மறைந்தோ சிறுத்தோ இருக்கும். ஆனால் மாதவிடாய் நின்று நெடுநாளான ஒரு மாதிடம் இந்தத் தோற்றத்தைக் கண்டு இதே ஆறுதலைச் சொல்லக் கூடாது. முட்டை வெளிப்படாத சினைப்பையில் இத்தகைய கட்டிக்கு நியாயமில்லை.

பழைய ரத்தம் நிறைந்த மற்றொரு வகை, எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயில் உண்டாவது. உள்ளே இருக்கும் திரவத்தின் நிறத்தால் சாக்லேட் கட்டி என்று வழங்கப்படுவது. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் தங்கி, மாதந்தோறும் கசிந்த ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கியதன் விளைவு இது. உட்புறம் முழுவதும் ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறமாகத் தென்படுவது இதன் விசேஷ லட்சணம். இது ரத்தம் கசிந்த சாதாரணக் கட்டியைப்போல வாரக்கணக்கில் கரைந்துவிடுவதில்லை. சினைப்பையை அக்கம்பக்கத்து உறுப்புகளோடு ஒட்டவைத்துவிடும் சுபாவமும் இந்நோய்க்கு உண்டாதலால், தேர்ந்த பரிசோதகர் கட்டியைப் பார்ப்பதோடு நில்லாமல், கருவியால் மெல்ல அழுத்தி, சினைப்பை வழுக்கி நகர்கிறதா என்பதையும் கவனிப்பார். மாதவிடாயின்போது உயிர்போகும் வலி எடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லியும், பெண்ணென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கேட்டுச் சலித்த எத்தனையோ பெண்களின் வேதனைக்கு, இந்தச் சாம்பல் நிறப் படமே முதல் சாட்சியாக அமைகிறது என்பதை நினைக்கும்போது மனம் கலங்குகிறது.

டெர்மாய்டு என்னும் கட்டியோ ஆச்சரியங்களுக்கெல்லாம் ஆச்சரியம். கருமுட்டைக்கு மூலமான உயிரணு ஒன்றிலிருந்து பிறப்பதால், தோல், மயிர், கொழுப்பு, சில சமயம் பல் ஆகியவற்றைக்கூட அது தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. கொழுப்பும் மயிரும் சேர்ந்த திரட்சி மிக வெண்மையாகத் தோன்றி, ஒலியை மேலே செல்லவொட்டாமல் தடுத்து, தன் பின்னே கருநிழலை வீழ்த்துகிறது. திரவத்தில் மிதக்கும் மயிர்கள் சிறு கோடுகளும் புள்ளிகளுமாகச் சிதறித் தெரிகின்றன. பின்பகுதியை நிழல் மூடிவிடுவதால் கட்டியின் முழு அளவை எளிதில் அளக்க முடியாது. பக்கத்துக் குடலில் உள்ள வாயு என்று எண்ணிக் கட்டியையே காணாமல் விட்டுவிடுவதும் உண்டு. மாதவிடாய்ப் பருவத்துப் பெண்களிடம் இது ஆண்டுக்குச் சராசரியாக 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது.

சினைப்பையில் இல்லாமலே சினைப்பைக் கட்டி என்று பெயர் வாங்கும் சிலவும் உண்டு: அருகில் தனித்து நிற்கும் சிறு நீர்ப்பை, நீர் கோத்து வளைந்த குழலாகத் தெரியும் கருக்குழாய், முன்பு செய்த ரணசிகிச்சையால் ஒட்டிய சவ்வுகளுக்கிடையே தேங்கிய நீர். பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறில் காணப்படுபவையும் கட்டிகள் அல்ல. அவை வளர்ச்சி நின்றுபோன, 1 சென்டிமீட்டரும் எட்டாத சிறு குமிழ்கள். அவற்றை அறுத்தெடுக்க வேண்டுமா என்று கேட்டு எந்தப் பெண்ணும் உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

இப்படி ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். எல்லா ஊரிலும் அத்தகைய நிபுணர் கிடைப்பதில்லை. ஒரே படத்தை ஒருவர் ‘தடுப்பு’ என்பதும் மற்றொருவர் ‘முளை’ என்பதுமாக இருந்த குழப்பத்தைத் தீர்க்க, பெல்ஜியத்தைச் சேர்ந்த டிர்க் டிம்மர்மன், சுவீடனைச் சேர்ந்த லில் வாலன்டின், இங்கிலாந்தைச் சேர்ந்த டாம் போர்ன் ஆகியோர் 1999-இல் ஐயோட்டா என்னும் சர்வதேச ஆராய்ச்சிக் குழுவைத் தோற்றுவித்து, முதல் வேலையாகச் சொற்களுக்கு வரையறை வகுத்தார்கள்; உதாரணமாக, கட்டியின் சுவரிலிருந்து 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்நோக்கி உயர்ந்த கெட்டிப் பகுதிக்கே முளை என்று பெயர். 2008-இல் அவர்கள் வெளியிட்ட எளிய விதிகள், சாதுத்தன்மைக்கு ஐந்து அடையாளங்களையும் கொடுமைக்கு ஐந்து அடையாளங்களையும் வகுத்தன. ஒற்றை அறையாக இருத்தல், கெட்டிப் பகுதி இருந்தாலும் 7 மில்லிமீட்டருக்குள் அடங்குதல், பின்னே நிழல் வீழ்தல், பல அறைகள் இருந்தாலும் வழவழப்பாகவும் 10 சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் இருத்தல், உள்ளே ரத்த ஓட்டம் இல்லாமை ஆகியன சாதுவின் லட்சணங்கள். ஒழுங்கற்ற கெட்டிக் கட்டி, வயிற்றில் நீர் தேங்குதல், நான்கோ அதற்கு மேலோ முளைகள், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளர்ந்து பல அறைகளோடு கெட்டிப் பகுதியும் ஒழுங்கீனமும் கொண்டிருத்தல், மிகுந்த ரத்த ஓட்டம் ஆகியன கொடியதன் லட்சணங்கள். ஒரு வரிசையைச் சேர்ந்த அடையாளம் மட்டும் இருந்தால் தீர்ப்பு உண்டு; இரண்டும் கலந்திருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ விதிகள் தீர்ப்புச் சொல்வதில்லை.

முதற் பரிசோதனையில் அவை 76 சதவீதக் கட்டிகளுக்கே தீர்ப்புச் சொல்லின. இதைக் குறையாக நான் கருதவில்லை. மிச்சத்தைத் தேர்ந்த நிபுணரிடம் அனுப்பு என்று தெளிவாகச் சொல்லும் விதியே நோயாளிக்கு நன்மை செய்யும் விதி. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் சி.ஏ.125 என்ற புரதத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன்: எண்டோமெட்ரியோசிஸிலும் கருப்பைத் தசைக் கட்டியிலும், ஏன், மாதவிடாய் நாட்களிலுங்கூட அது கூடுவது உண்டு, இளம் பெண்ணிடம் அதன் அளவை மட்டும் கண்டு நடுங்குவது வீண். ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றால், அந்த நீரில் புற்றணு தென்படவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குப் போதிய சான்று ஆகாது. ஒருக்கால் நோய் இருந்தால், கசியும் நீரோடு அது பரவவும் கூடும்.

சாது என்று தேர்ந்த கட்டியை விட்டுவைத்தால் என்ன நேரும் என்பதற்கு 2019-இல் ஐயோட்டா குழு விடை தந்தது. சாதுவென்று கருதி ரணசிகிச்சை செய்யாமல் கண்காணிக்கப்பட்ட 1,919 பெண்களில், இரண்டு ஆண்டுகளுக்குள் ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கட்டி தானாகவே மறைந்தது; புற்றுநோய் என்று பின்னர் தெரியவந்தது 1,000 பேருக்கு 4 பேர் என்ற கணக்கில்; கட்டி முறுக்கிக்கொண்டதும் அதே அளவில்தான். மறுபுறத்தில், நோய்க்குறி எதுவுமில்லாத பெண்களையெல்லாம் பரிசோதித்துப் புற்றுநோயைத் தேடிய பெரிய அமெரிக்க ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. நோய் இல்லாமலே நோய் என்று ஐயுறப்பட்டவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் ரணசிகிச்சைக்கு உள்ளானார்கள். 163 பேருக்குக் கடுமையான உபத்திரவம் நேர்ந்தது. சினைப்பைப் புற்றுநோயால் நேரும் மரணமோ குறையவில்லை. தேவையில்லாமல் கத்தி வைப்பது சிறிய காரியமன்று. கட்டியை உரித்தெடுக்கையில், அதிலும் சாக்லேட் கட்டியை எடுக்கையில், நல்ல முட்டைகள் அடங்கிய திசுவும் சேர்ந்து போகிறது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கு அது ஈடுசெய்ய முடியாத நஷ்டம். கருத்தடை மாத்திரை கொடுத்துக் கட்டியைக் கரைக்கும் வழக்கத்துக்கும் ஆதாரம் இல்லை. வெறுமனே காத்திருந்தவர்களுக்கும் அதே காலத்தில் கட்டி மறைந்தது என்றே ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஆகையால் ரிப்போர்ட்டை வாங்கும் பெண், கட்டியின் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பாமல், உள்ளே கெட்டிப் பகுதி உண்டா, முளை உண்டா, அதில் ரத்த ஓட்டம் தெரிகிறதா, மறுபடியும் எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்பது அவளுடைய உரிமை. கேட்டதற்கு விளங்கும்படி விடை சொல்வது மருத்துவரின் கடமை.

காத்திருக்கும் காலத்தில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. கட்டி எவ்வளவு சாதுவானாலும், அதன் பாரத்தால் சினைப்பை தன் ரத்தக்குழாய்களோடு முறுக்கிக்கொள்ளக்கூடும். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளிலும், டெர்மாய்டிலும் இது அதிகம். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென்று கடும் வலி எழுந்து, கூடவே குமட்டலும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதற்காக மட்டும் முறுக்கு இல்லை என்று முடிவுகட்டி அனுப்பிவிடுவதும் தவறு. முறுக்கிய சினைப்பையிலும் ஓட்டம் தெரிவது உண்டு. காலத்தோடு முறுக்கை அவிழ்த்துவிட்டால், கறுத்துக் கன்றி, செத்துவிட்டதென்றே தோன்றும் சினைப்பையும் பெரும்பாலும் மீண்டு, மறுபடியும் தன் மாதாந்தரத் தொழிலைச் செய்யத் தொடங்குகிறது. ஆதலால் இளம் பெண்களிடம் அதை வெட்டி எடுத்துவிடாமல் காப்பாற்றவே இன்று ரணசிகிச்சை நிபுணர்கள் முயல்கிறார்கள்.